மூட்டைகளுக்கு நடுவே ஒரு மைக்

எங்கள் தெருக்காரர்களுக்கு அக்காவின் குரல் வேண்டும், அக்கா வேண்டாம். இப்படிப் பச்சையாக எழுதினால் சொந்தக்காரர்களுக்குக் கோபம் வரும். வரட்டும். இத்தனை வருஷமாக அவர்களில் ஒருவருக்கும் கோபம் வரவில்லை என்பதுதான் என் வயிற்றெரிச்சல்.

எங்கள் வீடு சேலம் அம்மாபேட்டையில். முன்னறையில் இரண்டு தறி, அதைத் தாண்டினால் சமையல், படுக்கை, சாமி மாடம் எல்லாம் ஒரே அறையில். தறி ஓடும் வீட்டில் யாருக்கும் மெதுவாகப் பேசத் தெரியாது. இன்னொரு கரண்டி சோறு போடு என்பதைக்கூடக் கத்தித்தான் சொல்ல வேண்டும். அக்கா அந்தச் சத்தத்துக்கு நடுவில் உட்கார்ந்து, நாடாவுக்குள் வைக்கும் குச்சியில் நூலை ஏற்றித் தார் சுற்றிக்கொண்டே பாடுவாள். ஒவ்வொரு சொல்லும் தெருமுனை வரை கேட்கும். பாட்டு வாத்தியார் யாரும் கிடையாது. ஆடி மாதம் ஊர் முழுக்கக் கட்டியிருக்கும் குழாய் ஸ்பீக்கர்கள், அம்மன் கோயில் கும்மி, மார்கழி பஜனை, கல்யாண வீடுகள், இவைதான் அவளுக்குப் பள்ளிக்கூடம். எனக்கு அவளைவிட மூன்று வயது குறைவு. பாட்டு என் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. ஆத்தூர்ப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு நடத்துகிறேன். தினமும் பஸ், தினமும் கத்தல்.

கல்யாணத்துக்கு முதல் நாள் சாயங்காலம் எங்கள் பக்கத்தில் நலுங்கு வைப்பார்கள். பொண்ணையும் மாப்பிள்ளையையும் பலகையில் உட்கார வைத்து மஞ்சள் பூசி, தேங்காய் உருட்டவிட்டு, அப்பளம் உடைத்து விளையாட்டுக் காட்டுவார்கள். அதோடு ஏசல் பாட்டும் உண்டு. பொண்ணு வீட்டுப் பெண்கள் மாப்பிள்ளை வீட்டைக் கேலி செய்து பாட வேண்டும், அவர்கள் பதிலுக்குப் பாட வேண்டும். கருப்பு, குண்டு, கஞ்சத்தனம், குறட்டை, எதைச் சொன்னாலும் யாரும் கோபித்துக்கொள்ளக் கூடாது. கோபித்துக்கொண்டால் வளர்ப்புச் சரியில்லை என்று அர்த்தம். பதில் பாட்டு வராமல் ஒரு பக்கம் வாயடைத்துப்போனால், அந்தப் பக்கத்துச் சம்பந்தியம்மா எழுந்து போய், பாடினவளின் இரண்டு கையிலும் சந்தனம் பூசி, வெற்றிலை பாக்கு வைத்துக் கொடுக்க வேண்டும். எங்கள் தெருவில் பிறந்த எந்தப் பெண்ணும் இந்த முறையை மீறினதில்லை.

அக்கா பாட ஆரம்பித்தால் எதிர்ப் பக்கம் சந்தனக் கிண்ணத்தைத் தயாராக வைத்துக்கொள்ளும். பழைய பாட்டை அப்படியே ஒப்பிக்கும் ஆள் அவள் இல்லை. அன்றைக்கு மண்டபத்தில் நடப்பதைப் பார்த்து அங்கேயே அடி கட்டுவாள். ஒரு கல்யாணத்தில் மாப்பிள்ளையின் மாமா பந்தியில் மூன்று முறை உட்கார்ந்ததைப் பார்த்துவிட்டாள். அன்று அந்த மனுஷன் பட்ட பாட்டை இன்றும் சொல்லிச் சிரிக்கிறார்கள். சிரித்தவர்களில் முதல் ஆள் அவரேதான்.

அத்தான், அதாவது அக்காவின் புருஷன், சாயப்பட்டறையில் மேஸ்திரியாக இருந்தார். ஒரு மத்தியானம் வேலையில் இருக்கும்போதே நெஞ்சு வலி வந்து போய்விட்டார். அக்கா அழுததைப் பற்றி இங்கே எழுதப்போவதில்லை. அது அவளுடையது. அதற்குப் பிறகு மற்றவர்கள் செய்ததைத்தான் எழுத வந்தேன்.

வருஷம் திரும்பியதும் சொந்தத்தில் ஒரு கல்யாணம். எங்கள் அப்பாவின் அக்கா, பெரியத்தை, வீட்டுக்கு வந்தார். அப்பா போன பிறகு எங்கள் குடும்பத்தில் எந்த நல்லதும் பெரியத்தை தலையாட்டாமல் நடக்காது. நீ பாடாத நலுங்கு ஒரு நலுங்கா என்றார். ரொம்ப நாள் கழித்து அக்காவின் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. அதைப் பார்த்துக்கொண்டே அடுத்ததைச் சொன்னார்: முன்னால் வந்து உட்கார வேண்டாம், ஸ்டோர் ரூமில் இருந்து பாடினால் போதும், மைக் வைக்கச் சொல்லியாயிற்று.

சவுண்ட் சர்வீஸ்காரரிடம் நீளமான வயர் இருந்தது. அது போதுமாக இருந்தது எங்கள் ஜனங்களுக்கு. வயர் மட்டும் குட்டையாக இருந்திருந்தால் ஒன்று அக்காவை வெளியே உட்கார வைத்திருப்பார்கள், இல்லையென்றால் பாட்டே வேண்டாம் என்று விட்டிருப்பார்கள். இரண்டில் எதுவானாலும் மரியாதையாக இருந்திருக்கும். இவர்கள் சாஸ்திரத்தையும் விடவில்லை, பாட்டையும் விடவில்லை. கறியை எடுத்துக்கொண்டு கருவேப்பிலையை ஒதுக்குகிற மாதிரி ஆளை ஒதுக்கிவிட்டுக் குரலை எடுத்துக்கொண்டார்கள்.

அக்கா போனாள். எனக்கு அன்று அவள் மேல்தான் முதல் கோபம். ஏன் போனாய் என்று கேட்டதற்கு, பாடாமல் இருந்தால் பைத்தியம் பிடித்துவிடும் என்றாள்.

அப்படி ஒரு கல்யாணம், இரண்டு கல்யாணம், பிறகு அதுவே வழக்கமாகிப் போயிற்று. அரிசி மூட்டை, வெங்காய மூட்டை, எண்ணெய் டின், நடுவில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி, அதில் என் அக்கா. மண்டபத்தில் நடப்பது எதுவும் அவள் கண்ணில் படாது. கண்ணில் படாமல் எதைக் கேலி செய்வாள்? யாராவது ஓடிவந்து, மாப்பிள்ளையோட சித்தப்பா தூங்கறார், மாப்பிள்ளையோட தங்கச்சி கண்ணாடி முன்னால நிக்குது என்று சொல்லிவிட்டுப் போவார்கள். அதை வைத்துப் பாடுவாள். வெளியே சிரிப்பு கேட்கும். சந்தனம் மட்டும் உள்ளே வராது. அவளுக்குப் பதிலாக முன்னால் உட்கார்ந்திருக்கும் யாரோ ஒரு சுமங்கலி கையை நீட்டி வாங்கிக்கொள்வாள்.

ஒரு முறை அந்த யாரோவாக என்னை உட்காரச் சொன்னார்கள். எனக்குப் புருஷன் உயிரோடு இருக்கிறார், அந்தத் தகுதி போதும். பாடக்கூட வேண்டாம், வாயை அசைத்தால் போதும், வீடியோவில் பார்க்க நன்றாக இருக்கும் என்றார்கள். நான் சொன்ன பதிலை அச்சில் போட முடியாது. அதிலிருந்து எனக்கு வாய்த்துடுக்கு என்று பேர்.

போன தை மாதம் அக்காவின் ஒரே மகளுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை வீடு குமாரபாளையம், துண்டு நெய்கிற குடும்பம். தேதி குறித்த அன்றைக்கே அக்கா என்னிடம் சொன்னாள். ஊரார் கல்யாணத்தில் எங்கே வேண்டுமானாலும் உட்காருகிறேன், என் மகள் நலுங்கில் மட்டும் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு பாட வேண்டும். வேறு ஆசை எதையும் அவள் வாய்விட்டுச் சொல்லி நான் கேட்டதில்லை. நகை பற்றிச் சொல்லவில்லை, சாப்பாடு பற்றிச் சொல்லவில்லை. மகளுக்கு எதிரில் ஜமக்காளத்தில் ஓர் இடம், அவ்வளவுதான்.

நான் அக்காவையும் கூட்டிக்கொண்டு பெரியத்தை வீட்டுக்குப் போய் நின்றேன். சண்டை போடத்தான் போனேன், மறைப்பானேன். பெரியத்தை சத்தம் போடவில்லை. காப்பி கொடுத்தார். என் தலையைத் தடவினார்.

“எனக்கென்ன வந்துச்சு சாமி? அந்தப் புள்ள நல்லா இருக்கோணும்னுதான் பாக்கறேன். மாப்ள ஊட்டுக்காரங்க ரொம்ப சாஸ்திரம் பாக்கறவங்களாமா. நாளைக்கு ஒண்ணுன்னா நம்ம புள்ளயத்தான சொல்லுவாங்க.”

இந்த அன்பு இருக்கிறதே, இதைப் போல மோசமான ஆயுதம் வேறு இல்லை. திட்டினால் திருப்பித் திட்டலாம். தலையைத் தடவிக்கொண்டே கழுத்தை அறுப்பவர்களை என்ன செய்வது? அப்படி என்றால் மாப்பிள்ளை வீட்டில் நானே கேட்கிறேன் என்றேன். உடனே காப்பி தம்ளரை வாங்கி வைத்துவிட்டு, சம்பந்தி வீட்டில் போய் இதையெல்லாம் பேசினால் கல்யாணம் நிற்கும், நின்றால் உன்னால்தான் என்றார். அக்காவும் கேட்க வேண்டாம் என்று கையைப் பிடித்துக்கொண்டாள். ஆனால் இடம் மட்டும் வேண்டும் என்று சொல்லிவிட்டாள். பார்க்கலாம் என்றார் பெரியத்தை. அந்தப் பார்க்கலாமை நாங்கள் இருவரும் நம்பித் தொலைத்தோம்.

அக்கா ஒரு வாரம் அடுப்படியை விட்டு எழவில்லை. சீர்த்தட்டுக்கு வேண்டிய அதிரசம், முறுக்கு, லட்டு எல்லாம் அவள் கைதான். அதில் யாருக்கும் ஒரு சாஸ்திரமும் குறுக்கே வரவில்லை. பெரியத்தை ஒரு அதிரசத்தைப் பிட்டு வாயில் போட்டு, பதம் வந்திருச்சு சாமி என்றார்.

மண்டபம் கொண்டப்பநாயக்கன்பட்டியில், மலைப்பாதை ஏறுவதற்கு முன்னால். சாயங்காலம் குமாரபாளையத்து பஸ்கள் வந்தன. நான் வாசலில் பன்னீர் தெளித்து வரவேற்றுக்கொண்டிருந்தேன். மாப்பிள்ளையின் அம்மா கனத்த உடம்பு, பெரிய சிரிப்பு. தறிக்காரிக்குத் தறிக்காரியைத் தெரியும், கையைப் பிடித்ததும் நூல் இழுத்த விரல் என்று தெரிந்தது. பொண்ணோட அம்மா எங்கீங்க என்று அவர் கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் பக்கத்தில் நின்ற பெரியத்தை, உள்ள வேலையா இருக்குதுங்க, கொஞ்சம் மேலுக்கும் முடியல என்று முடித்துவிட்டார்.

நான் உள்ளே ஓடினேன். பொண்ணு அறையில் அக்கா இல்லை. மகளுக்குப் பூ முடித்துக்கொண்டிருந்த பெண்களைக் கேட்டால் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். அம்மா எங்க சித்தி என்று அந்தப் பெண்ணே என்னைக் கேட்டாள். அதற்குள் வெளியே ஸ்பீக்கர் கரகரத்தது. விநாயகர் பாட்டை அக்கா எடுத்தாள். எங்கே இருந்து பாடுகிறாள் என்று அந்தக் குரலோடு கூடவே வந்த எதிரொலி சொல்லிவிட்டது.

ஸ்டோர் ரூமுக்குப் போனேன். கல்யாணத்துக்கென்று எடுத்த அரக்குப் பட்டுப் புடவையைக் கட்டிக்கொண்டு வெங்காய மூட்டைக்கும் உருளைக்கிழங்கு மூட்டைக்கும் நடுவில் உட்கார்ந்திருந்தாள். பெரியத்தை வந்து கையெடுத்துக் கும்பிட்டாராம். இந்த ஒரு நாள் மட்டும், உன் மகளுக்காக என்றாராம். எழுபது வயதுக்காரி கும்பிட்டால் என்னடி செய்வேன் என்றாள். அவள் கண்ணில் தண்ணீர் இல்லை. உதடு மட்டும் வெளுத்துப்போயிருந்தது. வா எழுந்து என்று கையை இழுத்தேன். நீ போய் என் பிள்ளை பக்கத்தில் இரு, நான் பாடிக்கொள்கிறேன் என்றாள்.

பலகையில் பொண்ணும் மாப்பிள்ளையும் உட்கார்ந்தார்கள். நான் பொண்ணு பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். அக்கா எதுவும் நடக்காதது போல ஏசலைத் தொடங்கினாள்.

குமாரபாளையத்துச் சம்பந்திமாரே, கும்பலா வந்தீங்களே,
பஸ்ஸு நெறைய வந்தும் ஒரு முழம் பூவுக்குக் கை நீளலீங்களே.

மண்டபம் சிரித்தது. அவர்கள் பக்கத்தில் ஒரு சின்ன வயதுக்காரி எழுந்து சேலத்துக் குழாயைத் திறந்தால் காற்றுத்தான் வருது, குளிக்க நாங்க எங்க போறதுங்க என்று பாடினாள். எங்கள் ஆட்களும் சிரித்தார்கள். தண்ணீர் வராத தெருக்காரர்கள் இன்னும் அதிகமாகச் சிரித்தார்கள். இரண்டு மூன்று சுற்று இப்படிப் போயிற்று. பிறகு அக்கா கொஞ்ச நேரம் நிறுத்தினாள். மைக் நின்றுவிட்டதோ என்று சவுண்ட் சர்வீஸ்காரர் திரும்பிப் பார்த்தார். பின் அதே மெட்டில் குரல் வந்தது.

உருளைக்கெழங்கு ஒரு பக்கம், வெங்காயம் ஒரு பக்கம்,
ஊடால நான் உக்காந்திருக்கேன், கேக்கறதுக்கு யாரு பக்கம்?
அதிரசம் சுட்ட கை ஆகுமுங்க, முறுக்குப் புழிஞ்ச கை ஆகுமுங்க,
பெத்த மகளுக்குப் பூ வெக்க மட்டும் இந்தக் கை ஆகாதுங்களா?
கொரலு வந்தா ஆகுமுங்க, கொரலுக்காரி ஆகாதுங்களா?
பதிலச் சொல்லுங்க சம்பந்திமாரே, பாட்டு ஒண்ணும் இல்லீங்களா?

முதல் இரண்டு அடிக்கு வழக்கம் போல ஒரு சிரிப்பு கிளம்பியது. அதற்குப் பிறகு சிரித்துக்கொண்டிருந்தவர்கள் வாயை எப்படி மூடுவது என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தார்கள். வீடியோக்காரர் கேமராவை யார் பக்கம் திருப்புவது என்று தெரியாமல் கூரையைப் படம் எடுத்தார். பலகையில் இருந்த பொண்ணு மஞ்சள் பூசின முகத்தோடு விம்மி அழுதாள். எனக்கோ அவ்வளவு கோபத்திலும் ஒரு சந்தோஷம் வந்தது. ஏசலில் யாரும் கோபித்துக்கொள்ளக் கூடாது. பெரியத்தையே சொல்லிக்கொடுத்த முறை அது.

மாப்பிள்ளையின் அம்மா தன் ஆட்களைத் திரும்பிப் பார்த்தார். பாடியிருந்த அந்தச் சின்ன வயதுக்காரி தலையைக் குனிந்துகொண்டாள். பதில் இல்லை. அவர் எழுந்து சந்தனக் கிண்ணத்தை எடுத்தார்.

“கூலிக்குப் பாட வந்தவங்கன்னு நெனச்சனுங்க. பொண்ணோட அம்மாவா பாடறது?”

நான் ஆமாங்க என்றேன். ஸ்டோர் ரூம் இருக்கும் பக்கத்தையும் காட்டினேன். அவர் அந்தப் பக்கம் ஓரடி எடுத்து வைப்பதற்குள் பெரியத்தை குறுக்கே வந்து நின்று இரண்டு கையையும் நீட்டினார். உள்ள போய் எதுக்குங்க சிரமம், எங் கையிலயே பூசிருங்க, நான் குடுத்துக்கறேன் என்று சிரித்தபடி சொன்னார். பெரியத்தைக்கும் புருஷன் இருக்கிறார். மாப்பிள்ளையின் அம்மா தயங்கினார். வயதில் பெரியவர் கை நீட்டி நிற்கும்போது என்ன செய்ய முடியும்? பூசிவிட்டார். கிண்ணத்தில் இருந்த சந்தனம் முழுக்கப் பெரியத்தையின் கைக்குப் போனது.

அம்மா, சந்தனத்தை உங்க பெரியத்தை வாங்கிட்டாங்க என்று பொண்ணு பலகையில் இருந்தே கத்தினாள். தறி வீட்டுப் பிள்ளைதானே. அந்தக் குரலுக்கு மைக் தேவைப்படவில்லை.

அக்கா வெளியே வந்தாள். மைக்கைக் கையில் பிடித்திருக்கிறோம் என்ற நினைவுகூட இல்லை. வயர் நாற்காலிக் கால்களில் சிக்கி, பின்னாலேயே ஒரு நாற்காலியும் இழுபட்டு வந்தது. பட்டுப் புடவையில் வெங்காயச் சருகு ஒட்டியிருந்தது. பொண்ணுக்கு நேர் எதிரில் ஜமக்காளத்தில் உட்கார்ந்தாள். இரண்டு கையையும் மாப்பிள்ளையின் அம்மா முன்னால் நீட்டினாள்.

“பாடுனது நானுங்க.”

மைக் மடியில் கிடந்ததால் அது மண்டபம் முழுக்கக் கேட்டது.

மாப்பிள்ளையின் அம்மா கிண்ணத்தைப் பார்த்தார். காலி. பிறகு அவர் செய்ததை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். பெரியத்தையின் மணிக்கட்டைப் பிடித்தார். அதில் தான் பூசின சந்தனத்தைத் தன் உள்ளங்கையால் அப்படியே வழித்து எடுத்தார். கீழே குனிந்து அக்காவின் இரண்டு கையிலும் பூசினார். பூசிவிட்டு, எங்க ஊட்ல யாருங்க சாஸ்திரம் பாக்கறாங்க, எங்கிட்ட யாரும் கேக்கவே இல்லீங்களே என்றார். சத்தமாகச் சொல்லவில்லை. பக்கத்தில் இருந்த எனக்குக் கேட்டது, பெரியத்தைக்கும் கேட்டது.

அன்று அக்கா மகள் முகத்தைப் பார்த்துக்கொண்டு பாடினாள். நான் மேலே எழுதியதைப் படித்துவிட்டு, நல்லபடியாக முடிந்ததே, இன்னும் ஏன் கோபம் என்று கேட்பவர்கள் இருப்பார்கள். குமாரபாளையத்தில் இருந்து வேற்றாள் ஒருத்தி வந்து வழித்துப் பூச வேண்டியிருந்தது என்பதற்குத்தான் கோபம். யாரும் கேட்காத சாஸ்திரத்தை, யாரோ கேட்டதாகச் சொல்லி, பெற்றவளை மூட்டையோடு மூட்டையாக வைத்தது எங்கள் ரத்தம். பெரியத்தை என்னிடம் பேசுவதில்லை. நானும் பேசுவதில்லை. அக்கா பேசுகிறாள், அது அவள் குணம்.

கல்யாணத்துக்குக் கூப்பிட இப்போதும் வருகிறார்கள், போன் செய்கிறார்கள். அக்கா மரியாதையாகத்தான் பேசுகிறாள். தேதி கேட்கிறாள், மண்டபம் கேட்கிறாள். அப்புறம், என்னை எங்க உக்கார வெப்பீங்க என்று கேட்கிறாள். சிலர் முன்னாலதான் அக்கா என்று உடனே சொல்கிறார்கள். சிலர் வீட்டில் கேட்டுச் சொல்கிறோம் என்று போனை வைக்கிறார்கள், பிறகு கூப்பிடுவதில்லை. அந்த வீட்டு நலுங்குகளில் ஏசல் கிடையாது. வேறு யாருக்கும் அந்த இடத்திலேயே அடி கட்ட வராது. சினிமாப் பாட்டைப் போட்டுவிட்டு ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். உட்கார்ந்திருக்கட்டும்.